என் அளவுக்குச் செய்த வண்டி

எனக்குக் கால் நீளம், உடம்பும் கையும் குட்டை. உட்கார்ந்தால் பள்ளிச் சிறுவன், எழுந்தால் ஒட்டடைக்கம்பு. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது, ஐயா.

கடைச் சைக்கிளில் ஒரு சிக்கல் உண்டு. காலுக்கேற்ற உயரமான ஃபிரேம் எடுத்தால் மேல்குழாயும் கூடவே நீண்டுவிடும். இருக்கை சரியாக இருக்கும், கைப்பிடி பக்கத்துத் தெருவில் இருக்கும். கொடியில் காயப்போட்ட பேன்ட் மாதிரிதான் ஐந்து வருடம் ஓட்டினேன். கடைசியில், ஆளுக்கேற்ப ஃபிரேம் செய்துதரும் ஒரு வெல்டரிடம் போனேன். வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தைச் செருகி, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளந்தார். கால் நீளத்துக்கு அதுதான் சரியான முறை. பிறகு கை, தோள். எழுதியதை நம்பாமல் மறுபடியும் நாடாவைப் பிடித்தார்.

"சார், காலு கொக்கோடது, உடம்பு குருவியோடது. இந்த வண்டிய உங்களத் தவிர ஒருத்தரும் ஓட்ட முடியாது."

அவருக்கு என் தம்பியைத் தெரியாது.

இருவரும் ஒரே அச்சு. என் பேன்ட், செருப்பு எல்லாம் அவனுக்கும் பொருந்தும். நான் போகவிருந்த நேர்காணலுக்கு என் சட்டையிலேயே போய் அந்த வேலையையும் வாங்கிவந்தான். தம்பிதானே, விடுடா என்றார் அம்மா. விட்டேன். விடுவதில் நான் கெட்டிக்காரன். வண்டி வந்த முதல் வாரமே அதையும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நின்றான்.

"அண்ணா, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

கைப்பிடியைத் தாங்கும் குழாய் ஃபிரேமுக்குள் ஒளிந்திருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்னால் பாய்ந்து அதன் அடியில்தான் விழும். அழகான ஏற்பாடு. அந்த இடத்தை அரத்தால் அராவினேன். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க ஆனது, இந்தக் குட்டைக் கைக்கு எந்த வேலையும் இரட்டை வேலை. வேறு யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாதே என்று யோசித்தேன். வேறு யாருக்கும்தான் கால் எட்டாதே.

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் குழாய் ஒடிந்தது. அங்கேயே போய்விட்டான். என் வண்டியை நான் அராவினேன், கேட்காமல் எடுப்பவன் அவன். நியாயமாக இதைத் திருட்டு என்றுதான் நீங்கள் எழுத வேண்டும்.

அன்று கேட்டானா என்கிறீர்கள். கேட்டான். என்னைவிட அரை அங்குலம் கால் குறைவு அவனுக்கு. அதனால் நானே இருக்கையை இறக்கி, ஏறி உட்காரச் சொல்லி, முழங்கால் சரியாக மடங்குகிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினேன். அந்த வளைவுவரை அவனுக்கு முதுகு வலித்திருக்காது.