நீட்டுக் கழுத்து விண்கப்பல்

பாரி: மறுபடியும் ஒடஞ்சிடுச்சி.

மதிவதனி: ண்ணா… வெளையாடாத.

பாரி: நா எதுக்கு வெளையாடப் போறேன்? இந்தா பாரு. கப்பலு தனி, இஞ்சின் தனி. நடுவுல நீ கேட்ட நீட்டுக் கழுத்து ரெண்டு துண்டு. காயும்போதே வுட்டுடுச்சி.

மதிவதனி: மூணாவது தடவ! இன்னிக்கி சூள அடுக்குறாங்க. இத வுட்டா அடுத்த சூள வெந்து ஆறி வர்றதுக்குள்ள வெள்ளிக்கிழம ஆபரேசனே முடிஞ்சிடும். ஆபரேசனுக்கு முன்னாடி அப்பா கையில குடுக்கணும்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே…

பாரி: அதுக்குத்தான் சொல்றேன். இஞ்சின கப்பலு வயித்துக்குள்ள வச்சிடு. பொம்ம கெட்டியா நிக்கும்.

மதிவதனி: வயித்துக்குள்ளயா? என் கதையில அங்க நூறு குடும்பம் தூங்குது. அது அணு இஞ்சின். பக்கத்துல படுத்தா வெசம்.

பாரி: நடுவுல ஒரு ஈயச் செவுரு போடு.

மதிவதனி: போட்டா? அந்த வெயிட்ட எவன் இழுக்குறது, உன் மொபட்டா? தூரமா வச்சா செவுரே தேவயில்ல.

பாரி: நீ எழுதுறது கதை மதி! எவன் வந்து டேப்பு வச்சி அளக்கப் போறான்?

மதிவதனி: அப்பா அளப்பாரு. பாண்டி ஆஸ்பத்திரில பெட்டுல படுத்துக்கிட்டே ஒவ்வொரு அத்தியாயமா கேக்குறாரு. முப்பது வருசம் வேப்பூர் ரோட்டுல லாரி ஓட்டி, இஞ்சின் சூட்டுல எடது காலு கருத்துப் போன மனுசன். 'மொதல்ல இஞ்சின ஆளுங்ககிட்டேர்ந்து தள்ளி வை'ன்னு சொன்னதே அவருதான்.

பாரி: சரி, தள்ளி வச்சாச்சி. ரிப்பேரு ஆனா அவ்ளோ தூரம் யாரு போவாங்க?

மதிவதனி: கப்பலோட டிரைவர் அர்ச்சுனன் அங்கயேதான இருக்காரு.

பாரி: அவர முன்னாடி கேபினுக்கு வரச் சொல்லு.

மதிவதனி: ஐயோ… நீ பொம்ம செய்யிறியா, கதை எழுதுறியா?

பாரி: கழுத்து தொங்குது. மண்ணு தாங்கல. அவ்ளோதான்.

மதிவதனி: யாருகிட்ட? இந்த செராமிக் பேட்டைல உன்ன மாதிரி அச்சு போட ஆளில்லன்னு பேரு. போன வருசம் ஒத்தக்கால் கொக்கு ஐநூறு எறக்குன. அதே மண்ணுல முட்டு குடுத்தா முட்டும் கூடவே சுருங்கும், ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கே சொன்ன. இதுக்கு முட்டு எங்க?

பாரி: அந்தத் துண்ட இப்பிடிக் குடு, தூக்கிப் போட்டுடுறேன்.

மதிவதனி: ஒடஞ்ச எடம் வேற கத்தி வச்ச மாதிரி நேரா இருக்குது. ண்ணா… நீ ஒடச்சியா?

பாரி: கத்தாத. சூள அடுக்குறவங்க பாக்குறாங்க.

மதிவதனி: மூணையுமா?

பாரி: ஆமா, மூணையும்தான்! கடைசி அத்தியாயம் உன் மேசைல கெடந்துச்சி, படிச்சிட்டேன். இஞ்சின் தீப்புடிச்சதும் அந்த அர்ச்சுனன் கழுத்துப் போல்ட்டக் கழட்டி வுட்டுட்டு இஞ்சினோட தனியாப் போறாரு. கப்பலு பொழைக்குது, அவரு செத்துப் போறாரு. அர்ச்சுனன் நம்ம அப்பாதான்னு எனக்கென்ன தெரியாதா? இஞ்சின் வயித்துல இருந்தா கழட்ட முடியாதுல்ல… அதான் ஒடச்சேன்.

மதிவதனி: அதுக்காக…

பாரி: என்ன அதுக்காக? பொழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டரு சொன்னத அவருகிட்ட நாம மறச்சி வச்சிருக்கோம். நீ என்னடான்னா ஆபரேசனுக்கு மொத நாளு இதப் படிச்சிக் காட்டப் போற. அறிவிருக்குதா உனக்கு? எனக்கு பயமா இருக்குது மதி.

மதிவதனி: படிச்சிக் காட்ட வேண்டியதில்லண்ணா. அந்த அத்தியாயம் நா எழுதல, அவரு சொல்லச் சொல்ல நோட்டுல எறக்குனேன். டாக்டரு சொன்னது அவருக்குத் தெரியும். 'பாரிகிட்ட மட்டும் சொல்லிடாத, அவன் தாங்க மாட்டான்'னாரு.