கீழ் அலமாரியில் இருந்த கல்யாணங்கள்

உங்கள் விசாரணை அறையில் இந்த நாற்காலியின் இடது கால் ஆடுகிறது, ஷெரிப். கவுண்டி சபைக் கூட்டக் குறிப்பில் இரண்டு முறை எழுதிவிட்டேன், இன்னும் மாற்றவில்லை.

டோபின் கவுண்டிக்கு முப்பத்தோரு ஆண்டுகளாக நான்தான் மக்கள் தேர்ந்தெடுத்த கிளார்க். எட்டுத் தேர்தலிலும் என்னை எதிர்த்து நிற்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வாக்காளர் பட்டியல், கூட்டக் குறிப்பு, திருமண உரிமம் எல்லாம் என் பொறுப்பு. கல்யாணம் முடிந்ததும் பாதிரியார் கையெழுத்திட்ட உரிமத்தை எனக்குத் தபாலில் அனுப்புவார். அதை நான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஏற்றினேன், தகுதியானவற்றை மட்டும். விண்ணப்பம் நிரப்ப வரும் ஜோடிக்கு ஒரே பேனாதான் கொடுப்பேன். அதைப் பிடுங்குகிறவன், மணப்பெண்ணின் முழுப் பெயரை அவளிடமே கேட்கிறவன், இவர்களை நம்பி அரசாங்கப் பதிவேட்டைப் பாழாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த உரிமங்களைக் கீழ் அலமாரியில் வைத்தேன், பழுக்கட்டும் என்று. நகல் கேட்டவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

டெல்மர் ஸ்டூக்கலும் வெர்னாவும் விவாகரத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீதிமன்றம் பதிவேட்டைத் தேடியது, அவர்கள் கல்யாணம் அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை இருவரும் என் கவுண்டருக்கு வந்தார்கள்.

“இருபத்திரண்டு வருஷமா இந்த மனுஷனோட குறட்டையச் சகிச்சுக்கிட்டுக் கெடந்தேனே ஆர்டித், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள் வெர்னா.

“அப்ப இவ அம்மா வீட்டுக்கு நான் கூரை போட்டதெல்லாம்?” என்றான் டெல்மர்.

இருவரும் முதன்முறையாக ஒரே கட்சியில் நின்று கத்தினார்கள். போகும்போது டெல்மர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

இதில் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நீங்களும் மார்சியும் வந்தபோதும் அப்படித்தான். பேனாவை நீங்கள் அவளிடம் நீட்டினீர்கள், லைல். அவள் நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்கு நம்பிக்கை வராதது அவள் மேல்தான். உங்கள் உரிமம் நீல உறையில் இருக்கிறது.

இன்று காலை மார்சி விசாரிக்க வந்தாள். பதிவு இல்லை என்ற உண்மையைச் சொன்னேன்.

“அப்படின்னா இனிமே அவன் சட்டைக்கு இஸ்திரி போடுறது என் வேலை இல்லயே?”

இல்லை என்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒமாஹாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த உறைக்கு அடியில் இன்னொரு விண்ணப்பம் இருக்கிறது. மாப்பிள்ளை உங்கள் பெயர், மணப்பெண் என் பெயர். நீங்கள் இருவரும் வந்துபோன அன்று மத்தியானமே, எந்த உள்நோக்கமும் இல்லாமல், நிரப்பி வைத்தேன்.