நடைக்குப் போட்ட பாட்டு

— மொதல்ல அந்தப் பாட்டை நிறுத்துடா. பேசிட்டிருக்கேன்ல.

— அது என் கையில இல்லக்கா. அப்பா நின்னாத்தான் நிக்கும்.

— அவர் எங்க?

— வெளிய காரிடார்லதான். லிப்ட் வரைக்கும் போயிட்டுத் திரும்புறாரு. கதவைத் தொறந்துதானே வெச்சிருக்கேன், எட்டிப் பாரு.

— பாத்தேன். நாளைக்குக் காலையில எங்க ஊருக்கு ரயிலு. அவர் சட்டை ஒண்ணுகூட இன்னும் பெட்டிக்குள்ள போகல. கடையை எடுத்துக்கற ஆள் சாவி வாங்க சாயங்காலம் வந்துடுவாரு. நீ என்னடான்னா பாட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்க.

— கடையை யாருக்கும் விட வேணாம்னு அப்பா சொல்றாரு.

— அவர் சொல்லாம என்ன செய்வாரு? இந்தத் தெருவுல மாட்டியிருக்கற படத்துக்கெல்லாம் கண்ணாடி வெட்டி, சட்டம் அடிச்சுக் குடுத்த கை. விட மனசு வருமா? ஆனா கடை எங்க இருக்கு? ரோட்டுக்கு அந்தப் பக்கம். போன மாசம் என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— பாதி ரோட்டுல பச்சை போயிடுச்சு. ரெண்டு பக்கமும் வண்டி உறுமுது. இவர் நடுவுல கம்பத்தைக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கறாரு. ஐயா வீட்ல காதுல ஹெட்போன் மாட்டிட்டு இருந்தீங்க.

— அதுக்கு அப்புறந்தான்க்கா இதைச் செஞ்சேன்.

— எதை? பாட்டையா?

— இப்படி வந்து உக்காரு. இந்த டேப்லெட்டைப் பாரு.

— பெட்டி பெட்டியா இருக்கு. நடுவுல நூல்கண்டு சிக்கின மாதிரி.

— அதாவது, ஒவ்வொரு பெட்டியும் ஒரு டிராக். இது டிரம், இது பேஸ், இது மெட்டு. விரலால இழுத்தா வயர் வரும். எதை எதுல சொருகறியோ, அது அதோட பேச்சைக் கேக்கும். டிரம்மோட வயரை மெட்டுல சொருகினேன்னு வெச்சுக்க, டிரம் அடிச்சாத்தான் மெட்டு வாயைத் தொறக்கும்.

— நம்ம வீட்ல யாரு யார் பேச்சைக் கேட்டாங்க? பெட்டியாவது கேக்கட்டும்.

— சிரிக்காதே. இந்தக் கட்டமெல்லாம் பாரு. ஒரு கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். ஒரு தட்டு தட்டினா அடுத்த கட்டத்துக்கு நகரும். சாதாரணமா ஆப்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கும், அதுதான் தட்டிட்டே இருக்கும். நான் அதைக் கழட்டிட்டேன்.

— கழட்டிட்டு?

— அப்பாவை மாட்டிட்டேன். அவர் சட்டைப் பையில என் பழைய போன் இருக்கு. அவர் அடி எடுத்து வெச்சா போன் குலுங்கும். அந்தக் குலுக்கல்தான் தட்டு. ஒரு அடிக்கு ஒரு ஸ்வரம். கடிகாரமே அவர்தான்.

— நின்னாருன்னா?

— பாட்டும் நிக்கும். முடிவு வரைக்கும் கேக்கணும்னா நடந்தாகணும். முடிஞ்சதும் வந்து நாற்காலியில உக்காந்துடுவாரு. பிசியோ மேடம் குடுத்த டிக் டிக் மெஷினை எங்க வெச்சாரு தெரியுமா? பிரிட்ஜுல, முட்டைக்குப் பின்னாடி. கேட்டா, ‘அது என்னை அதட்டுது’ன்னாரு. இதுக்கு ஒரு நாள்கூட முகம் சுளிக்கல.

— எப்படிச் சுளிப்பாரு? அந்த மேடம் எதுக்குடா மெஷினைக் குடுத்தாங்க? வெளிய இருந்து வர்ற வேகத்துக்கு இவர் கால் ஈடு குடுக்கணும்னு. நீ என்ன பண்ணி வெச்சிருக்க? இவர் இழுத்தா அதுவும் இழுக்குது, இவர் நின்னா அதுவும் நிக்குது. நல்லா ஜால்ரா போடுது உன் பாட்டு.

— அப்படிச் சொல்லாதக்கா.

— வேற எப்படிச் சொல்ல? சிக்னல் இவருக்காக நிக்குமா? பஸ் டிரைவர் இவர் மெட்டுக்குப் பிரேக் போடுவாரா?

— ஆரம்பத்துல எப்படி இருந்துச்சுன்னு நீ கேக்கல. வலது கால் சட்டுனு விழும். இடது கால் சாவகாசமா வரும், விருந்தாளி மாதிரி. மெட்டு நொண்டும். அவருக்கே சங்கடமா இருந்துச்சு. அப்புறம் இடது காலுக்கு மட்டும் தனியா ஒரு வயர் எடுத்து எக்கோ பெட்டியில விட்டேன். முன்னாடி விழுந்த ஸ்வரம் நீண்டு, கால் வர்ற வரைக்கும் காத்திருக்கும். பள்ளம் தெரியாது.

— அந்த மூளையை வேற எதுக்காவது...

— இப்ப அந்த எக்கோவே தேவையில்ல. கேளு. ஒரே சீரா போகுது பாரு. போன வாரத்துலேர்ந்தே இப்படித்தான்.

— நீ எனக்கு அனுப்பினது இதுதானே? வேலை முடிஞ்சு பஸ்ல வீட்டுக்குப் போறப்ப கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு.

— இதே பாட்டுதான், ஆனா அது உனக்குன்னு தனியா செஞ்சது. நீ பஸ்ல உக்காந்திருப்ப, நடக்கறது யாரு? அதனால வயரை மறுபடி ஆப்போட கடிகாரத்துல சொருகினேன். வேகத்தையும் கொஞ்சம் கூட்டினேன். அப்பா வேகத்துல வெச்சிருந்தா உன் ஸ்டாப் வர்றதுக்குள்ள தூங்கிருப்ப. இதோ, அப்பா கதவுகிட்ட வந்துட்டாரு.

— என்னம்மாடி, வித்வானை மிரட்டறியா?

— இல்லப்பா. நீங்க நடங்க, அப்புறம் பேசலாம்.

— வழக்கு என் மேல. விசாரணை அவன்கிட்டயா? நல்லா இருக்கு உங்க கோர்ட்டு.

— நடங்கப்பா.

— நடக்கறேன், நடக்கறேன். நின்னா வித்வான் பாட்டு என்ன ஆகறது.

— பாத்தியாக்கா, சந்தோஷமாத்தானே இருக்காரு?

— நான் என்ன கல்லாடா? என் வீட்ல அவருக்கு ஜன்னல் ஓரமாத்தான் கட்டில் போட்டு வெச்சிருக்கேன். அந்த ஜன்னல்ல என்ன தெரியுது? எதிர்வீட்டுச் சுவரு. வேலைக்குப் போயிட்டு நான் திரும்பற வரைக்கும் அந்தச் சுவரைத்தான் பாத்துட்டு இருப்பாரு. அது எனக்குத் தெரியாதா?

— அப்புறம் ஏன்?

— சுவர் இடிக்காது. வண்டி இடிக்கும்.

— நான் கூடப் போய்த் தாண்டி விடறேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

— உனக்கு வேலை வந்தா ஸ்டூடியோவே கதின்னு கிடப்ப. சரி, மத்தியானம் கடைக்குக் கண்ணாடி கொண்டு வர்றவரு கூப்பிட்டாருன்னோ, ஆணி வாங்கணும்னோ இவர் தனியா இறங்கினாருன்னா? இங்க பாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அந்தப் பச்சை எரியற நேரத்துக்குள்ள இவர் ரோட்டைத் தாண்டுவாருன்னு நீ காட்டு. இப்பவே டிக்கெட்டைக் கேன்சல் பண்றேன். சாவியும் அவர்கிட்டயே இருக்கட்டும்.

— அதை எப்படிக்கா இங்க உக்காந்து காட்டறது?

— முடியாதுல்ல? அப்ப எழுந்து வா. அலமாரி மேல இருக்கற பெட்டியை இறக்கு.

— இரு, பாட்டு முடியட்டும்.

— டேய், அவர் நின்னுட்டாரே. கால் வலிக்குதோ?

— இல்ல, குனியறாரு. செருப்பு வார் கழண்டிருக்கும். அந்தச் செருப்பை மாத்துங்கன்னா கேக்கறாரா. இப்பப் பாரு, பாட்டும் நிக்கும்.

— நிக்கலையே.

— போன்ல சார்ஜ் தீந்திருக்கும்.

— சார்ஜ் தீந்தா பாட்டு நின்னுல்ல போகணும்? இது பாட்டுக்குப் போயிட்டே இருக்கு.

— இரு, திரையைப் பாக்கறேன்.

— என்னடா, முகம் ஏன் இப்படிப் போகுது?

— அக்கா. இது உன் பாட்டு.

— என் பாட்டா?

— உனக்கு அனுப்பறதுக்குச் செஞ்சேன்ல, அது. அதை மூடிட்டு அப்பாவோடதைத் தொறக்கணும். மறந்துட்டேன். போன் பெட்டியோட வயர் இதோ பாரு, எதுலயும் சொருகாம அந்தரத்துல தொங்குது. தினமும் காலையில பிளே மட்டும் அழுத்திட்டு, ஹெட்போனை மாட்டிட்டு என் வேலையைப் பாக்க உக்காந்துடுவேன். திரையைக்கூடப் பாக்கல.

— எப்போலேர்ந்து?

— நீ பஸ்ல கேட்டியே, அன்னிலேர்ந்து.

— அப்ப இத்தனை நாளா இந்தப் பாட்டு அவருக்காக நிக்கவே இல்லையா?

— எதுக்காகவும் நிக்கல. கடிகாரத்துக்கு என்ன தெரியும்.

— ஸ். இரு. வாரை மாட்டிட்டாரு. கிளம்பறாரு பாரு.

— ம்.

— டிரம்மைக் கேளு, காலைப் பாரு.

— டிரம்மோட சேந்தே விழுது.

— இடது காலும் விழுதுடா. மறுபடி புடிச்சுட்டாரு. வேகம் வேற கூட்டி வெச்சேன்னியே?

— ஆமா. நீ தூங்கிடக் கூடாதுன்னு.

— போன மாசம் கம்பத்தைக் கட்டிட்டு நின்ன கால்டா அது.

— அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?

— வாயைத் தொறக்காதே. அதட்டற மெஷின்தான் இதுவும்னு தெரிஞ்சா உன் டேப்லெட்டும் முட்டைக்குப் பின்னாடி போயிடும்.

— பாட்டு முடிஞ்சுடுச்சு. வர்றாரு.

— சாதாரணமா இரு. அப்பா, வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா? வேர்த்திருக்கே.

— அப்புறம் குடிக்கலாம்மா. வித்வான், இதை இன்னும் கொஞ்சம் வேகமா வைடா. நேத்து இதையே முணுமுணுத்துட்டுத்தான் கடைக்குப் போயிட்டு வந்தேன், கடைசி ரெண்டு அடி இருக்கறப்பவே பச்சை போயிடுச்சு.