நாடி பார்த்தது யார்

"நாத்தம் துடைக்கிறது தாதிமாரின்ர வேலை. நான் டொக்டருக்குப் படிக்கிறன்," என்றான் கிறகரி.

"அப்ப சரிபுதீன் ஆளைத் திருப்பட்டும். பிசியோதானே," என்றாள் கிறேஸ்.

"நான் ஆக்களை நடக்க வைக்கப் படிக்கிறன். இவர் நடக்கிற ஆளோ?" என்றான் சரிபுதீன்.

பொழுது படுகிற நேரம். கொண்டச்சிப் பக்கம், ஆளில்லாத றோட்டு முடிகிற இடத்தில் மீனவர் தங்கும் ஒரு மீன் வாடி. உள்ளே பாயில் யாகப்பர் கிழவர். அவருக்கு முன்னாலேயே இந்தச் சண்டை. படித்த பிள்ளைகள் அல்லவா...

கிறேஸ் எங்கள் ஊர்ப் பிள்ளை, தாதிக்குப் படிப்பவள். மூன்று படிப்புக்காரரும் சேர்ந்து ஒரே நோயாளியைப் பார்க்கவேண்டும்; அதுதான் பரீட்சை. சித்தியென்றால் மூவருக்கும் சித்தி. முன்பே ஒருமுறை தவறியவள் அவள். இதுவும் போனால் படிப்பே போச்சு.

ஆகவே அவளே குந்தினாள். அழுகிய திருக்கை மீன் நாற்றம்... துணியை விலக்கினாள். இடுப்புப் புண்ணில் புழு நெளிந்தது. துடைக்கத் துடைக்கத் தோல், நனைந்த கடதாசி மாதிரிக் கழன்று கையுறையில் ஒட்டியது.

"நோகுதோ அப்பு?"

"இல்லைப் பிள்ளை. குளிர்மையாக் கிடக்கு."

சரிபுதீன் இரண்டு விரலால் முழங்காலை மடக்கிப் பார்த்தான். கிறகரி வாசலில் நின்றபடியே, "சாப்பிடுறீங்களோ?" என்று கேட்டான்.

"பசிக்கிறேல்லைத் தம்பி."

வந்த வாகனத்தில் ஏறிய பிறகுதான் கிறகரி கேட்டான்: "நாடி எவ்வளவு, கிறேஸ்?"

"நீங்கள் பாக்கேல்லையோ?"

"நீங்கள்தானே தொட்டனீங்கள்."

இருவரும் சரிபுதீனைப் பார்த்தார்கள். அவன் இல்லையென்று தலையாட்டினான்...

கிறேஸ்தான் திரும்பி ஓடினாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கல் மாதிரி. கிழவரின் மூக்குக்குள் எறும்பு வரிசையாகப் போய்வந்தது.

"நாடி இல்லை," என்றாள், தனக்குத்தானே.

"கன நாளா இல்லைப் பிள்ளை," என்றார் யாகப்பர்.

கிறகரி இப்போது அவுஸ்திரேலியாவில். சரிபுதீன் தாராபுரத்தில் கலியாணம் முடித்துத் துணிக்கடை வைத்திருக்கிறான். கிறேஸ் படிப்பை விட்டுவிட்டு முருங்கனில் ஓர் அரிசிக்கடைக்காரரைக் கட்டினாள். விடிய எழும்பிப் புருஷன் தேத்தண்ணி கேட்டாலும், முதலில் அவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாளாம். நாங்களும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

போன கிழமையும் ஒருநாள் விடிய அப்படிப் பிடித்துப் பார்த்தாள்... கையை மெதுவாக விட்டாள்... உடுத்த துணியோடு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

புருஷன் இன்னும் ஒவ்வொரு நாளும் கடை திறக்கிறார். அரிசி வாங்கப் போனவர்கள் சொல்கிறார்கள்... அவரில் ஈ மொய்க்கிறதுதான் தாங்க முடியவில்லையாம்.