குழாய்க்குள் கேட்ட குரல்

அவைக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே! நரையும் நிதானமும் நிறைந்த முன்வரிசைப் பெரியவர்களே! அடுப்பை அணைத்துவிட்டோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! "பத்தே நிமிடம்" என்று விரலைக் காட்டும் செயலாளர் அவர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

தொங்கும் வாளியில் தக்காளி வளர்ப்பது எப்படி என்று பேச அழைத்தீர்கள். பேசுகிறேன். ஆனால், என் வாளிகளுக்கு நடந்ததைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது.

நான் பல்செட் செய்கிறவள். நாள் முழுவதும் முகமில்லாத சிரிப்புகளோடு உட்கார்ந்திருப்பது என் தொழில். ஆகவே, எளிதில் அஞ்சுகிறவள் அல்ல. இதை நினைவில் வையுங்கள்.

வீடு நான்காம் மாடி. பால்கனியோ நாலடிக்கு ஏழடி. இருவர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்! அதனால் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இரும்புக் கம்பி நீட்டி, மூன்று பெயின்ட் வாளிகளைத் தொங்கவிட்டேன். அடியில் துளையிட்டு, தண்டைச் சுற்றிப் பஞ்சு வைத்து, நாற்றைத் தலைகீழாக நட்டேன். மேலே மண், கீழே செடி. என்ன, சிரிக்கிறீர்களா? என் வீட்டுக்காரரும் சிரித்தார். பேருந்து ஓட்டுகிறவர் அவர்.

"செடியைத் தூக்குல போட்டுட்டியேடி!" என்றார்.

கோடை வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்து தண்ணீர் ஊற்றப் போனேன். மூன்று வாளியும் ஈரம்.

"நீங்களா ஊத்துனீங்க?"

"நான் குடிக்கிற தண்ணியையே நீதானே ஊத்தணும்? எனக்கேது அந்த வழக்கம்!"

மறுநாளும் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். பூட்டிய வீடு, தாழிட்ட கதவு, ஆளில்லாத பால்கனி. ஊற்றியது யார்?

விடுப்பு எடுத்தேன். கதவிடுக்கில் கண்ணை வைத்து உட்கார்ந்தேன். உச்சி வெயில். இலையை அசைக்கவும் காற்றில்லை. நடு வாளி மட்டும் மெல்ல அசைந்தது. வெறும் வெளியிலிருந்து, தாய்மார்களே, நூல் போல நீர் இறங்கியது! மண் நனைந்தது. நூல் நின்றது. பாய்ந்து போய் அண்ணாந்து பார்த்தேன். மேல்வீட்டுச் சுவர்தான் தெரிந்தது.

மேல்வீட்டில் யார்? எவருமில்லை. அங்கே குடியிருந்த அம்மா, கணவர் இறந்த கையோடு தம்பி வீட்டுக்குப் போய் ஓராண்டாகிறது என்பதே எல்லோரும் சொன்ன சேதி. தலைவர் அவர்களே, நம் சங்கத்துப் பதிவேடும் அதைத்தான் சொன்னது!

இருவரும் மேலேறிப் போனோம். கம்பிக்கதவுக்கு வெளியே பூட்டுத் தொங்கியது. கம்பிக்குள் கைவிட்டு உள்கதவைத் தட்டினேன். பதிலில்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று, நாங்கள் மூச்சை அடக்கியதுபோலவே, தானும் மூச்சை அடக்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றியது.

"பேயின்னா ரத்தம்தானே கேக்கும்? தண்ணியா ஊத்தும்?" என்றார் வீட்டுக்காரர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவர் பால்கனிப் பக்கமே வரவில்லை.

மூன்று வாரம் போயிற்று. காய் பிடித்தது. பிறகு ஒருநாள் மண் காய்ந்து கிடந்தது. அன்று நான் என்ன செய்தேன்? "அப்பாடா, விட்டது சனி" என்று பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சுக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அடுத்த நாள் காலை குவளையோடு போனபோது வெயிலில் ஏதோ மின்னியது. மீன்தொட்டிக்குக் காற்று விடுவார்களே, அந்தக் கண்ணாடி நிறக் குழாய். மேலிருந்து தொங்கி, நுனி வாளி மண்ணில் கிடந்தது. எடுத்தேன். ஏன் என்று தெரியாது, காதில் வைத்தேன்.

மூச்சு.

யாரோ மூச்சு விட்டார்கள். என் காதுக்குள், என் கழுத்தோரம், என் தலைக்குள் மூச்சு விட்டார்கள்! பிறகு ஒரு குரல், உலர்ந்த குரல்.

"தண்ணி..."

இத்தனை நாளும் தண்ணீர் தந்த குழாயே தண்ணீர் கேட்டது, அன்பர்களே! ஓடினோம். வீட்டுக்காரர் சுத்தியலால் பூட்டையும் உள்கதவுத் தாழையும் உடைத்தார். பால்கனித் தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, முந்தைய நாள் காலையிலிருந்து அசைய முடியாமல் கிடந்தார் அந்த அம்மா. குழாயின் மறுமுனை அவர் உதட்டோரம் இருந்தது.

பிழைத்தார்களா என்கிறீர்களா? பிழைத்தார். மருத்துவமனையில் கேட்டேன்.

"ஏம்மா வெளியில பூட்டு?"

"ஆறுதல் சொல்றேன்னு ஆளாளுக்கு மணியடிச்சாங்க. நானே கைய வெளிய விட்டுப் பூட்டிக்கிட்டேன். வெடியக்காலைல கடைக்குப் போய்ட்டு வந்துடுவேன்."

"நான் தட்டுனது கேட்கலையா?"

"கேட்டுச்சு. தெறந்தா பேசணுமே."

"அப்புறம் எதுக்கு என் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"மேலேருந்து பார்த்தா செடி தெரியாதும்மா. காஞ்ச மண்ணு மட்டும்தான் தெரியும். அதுகிட்ட பேச வேண்டியதில்லையே."

முதலில் பழுத்த தக்காளியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தக்காளியா? நான் ஏதோ பூச்செடின்னு நெனச்சேன்" என்றார். அப்போதுதான் அழுதார்.

இன்னதென்று அறியாமலே ஒரு செடியை அந்தக் கை காத்தது. அந்தக் கையின் முகத்தை நாம் அறிவோமா? மேல்மாடியில் மூச்சிருக்கிறதா என்று கேட்டோமா? பூட்டைக் கண்டோம், புறப்பட்டோம். பதிவேட்டைக் கண்டோம், படுத்து உறங்கினோம்! நான்கு சுவருக்குள் மனிதர் காய்ந்துகொண்டிருக்க, வாளி மண்ணின் ஈரத்தையா நாம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது?

உரம் பற்றிச் செயலாளரிடம் எழுதித் தந்திருக்கிறேன், வாங்கிப் போங்கள். ஆனால் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு மாடி கூடுதலாக ஏறுங்கள். பூட்டியிருந்தாலும் தட்டுங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு முறை தட்டுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மேடை தந்த சங்கத்துக்கும், ஊன்றுகோலோடு கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் என் மேல்வீட்டு அக்காவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.