லேபிளில் போட்ட அளவு

மகுடேஸ்வரன்: சாரதாக்கா... என்ற மருந்து ஊத்துன பக்கெட்டுல எறா உசுரோட இருக்குதுங்களா?

சாரதாமணி: இருக்குது, வா தம்பி. செருப்பக் கழட்டு... இது உன்ற சாயப்பட்டறை இல்ல, என்ற லேப்.

மகுடேஸ்வரன்: மூணு நாள் முழுசா ஆச்சுங்களே...

சாரதாமணி: ஆச்சு. எறா, நத்தை, பவளம், எல்லாம் நல்லாருக்குது. பவளத்தத் திங்கற தட்டைப்புழு மட்டும் செத்துருச்சு.

மகுடேஸ்வரன்: அப்பாடா... முருகா! என்ற மருந்து பாஸுங்க! நாப்பது பாட்டிலும் இன்னிக்கே முதலிபாளையத்துல கொரியர் போட்டு...

சாரதாமணி: இரு, பறக்காத. இது ரெண்டாவது பக்கெட்டு.

மகுடேஸ்வரன்: அப்ப... மொத பக்கெட்டு?

சாரதாமணி: அதுல உன்ற லேபிள்ல போட்ட அளவு ஊத்துனேன். பொழுது உழுகறதுக்குள்ள எல்லாம் செத்துப் போச்சு.

மகுடேஸ்வரன்: ...நத்தை கூடவா?

சாரதாமணி: நத்தை கூட. ஏந்தம்பி, 'ஒரு கிலோ பவளப்பாறைக்கு அஞ்சு மில்லி'ன்னு அடிச்சு வெச்சிருக்கறயே, எங்க புடிச்ச இந்தக் கணக்க?

மகுடேஸ்வரன்: நூறு கிலோ பனியன் துணிக்கு ரெண்டு கிலோ சாயம்... துணி எடைக்குத்தானுங்க போடறோம்? இருவது வருசமா டையிங் மாஸ்டருங்க நானு.

சாரதாமணி: துணி சாயத்தக் குடிக்கோணும். மீனு மருந்தக் குடிக்கக் கூடாது! அது மூச்சு உடறதே தண்ணிலதான். தண்ணி எத்தன லிட்டரோ அதுக்குத்தான் அளவு. நீ வாங்கி பாட்டில்ல அடைக்கற சரக்கோட வந்த தாள்ல போட்டிருக்குது... படிச்சயா?

மகுடேஸ்வரன்: அது... இங்கிலீஷ்ல நாலு பக்கமுங்க...

சாரதாமணி: நல்லாருக்குது போ! ரெண்டாவது பக்கெட்டுக்கு லிட்டர் கணக்குல ஊத்துனேன். மருந்து நல்ல மருந்துதான். லேபிள மட்டும் கிழிச்சுப் போட்டு வேற ஒட்டு.

மகுடேஸ்வரன்: இல்லீங்க்கா... உங்க டெஸ்ட்லதான் எங்கியோ தப்பு.

சாரதாமணி: அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்ற?

மகுடேஸ்வரன்: கோவிச்சுக்காதீங்க... ஞாயித்துக்கெழம என்ற புள்ள தேஜஸ்ரீயோட மீன்தொட்டில ஊத்திட்டேன். லேபிள் அளவுக்கு.

சாரதாமணி: டெஸ்ட் முடியாம தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே!

மகுடேஸ்வரன்: சொன்னீங்க... ஆனா மீனெல்லாம் துள்ளுதுங்க. புழு பூராவும் காலி!

சாரதாமணி: பூராவுமா?

மகுடேஸ்வரன்: ஒண்ணு மிச்சமில்லீங்க்கா!

சாரதாமணி: சனிக்கெழம உன்ற ஊட்டுக்கு வந்தேன்ல... தொட்டிக்குப் பக்கத்துல உன்ற மருந்து பாட்டிலப் பாத்தேன். நீ கம்முனு இருக்க மாட்டயேன்னு மருந்தப் பூராவும் இந்தக் கேன்ல ஊத்திக்கிட்டு, அதுல வெறும் உப்புத்தண்ணிய ரொப்பி வெச்சுட்டு வந்தேன்.

மகுடேஸ்வரன்: ...அக்கா! அப்ப என்ற புள்ள மீனு பொழச்சது உங்களாலதானுங்களா... அவளுக்கு என்ன பதில் சொல்லிருப்பேன்... இப்பத்தானுங்க எனக்கு மூச்சே வருது.

சாரதாமணி: மூச்சு உடு, நல்லா உடு. உப்புத்தண்ணிக்குப் புழு எப்படிச் செத்துச்சுன்னு மட்டும் சொல்லிப் போடு.

மகுடேஸ்வரன்: ...ஒண்ணுகூடச் சாகலீங்க்கா. மூணு நாளா லென்ஸ் வெச்சுத்தான் பாக்கறேன்... முன்னைக்கு இப்பக் கூடுதலாத்தான் இருக்குது.