பேட்டரி லைனில் ஒரு கடை

– அப்போ கண்ணாடி வாங்கப் போகல?

– எனக்கு எதுக்குண்ணே கண்ணாடி? ஊசியில நூல் கோத்துக் காட்டட்டுமா?

– கடைக்காரன் பேசறது புரியாது, கூட வாங்கண்ணேன்னு சொன்னியே.

– சொன்னேன்.

– பொய்யா?

– வேற எப்படி உங்களை அந்த ரூமை விட்டு வெளியே இழுக்கறது? ரெண்டு காயிதம் போட்டேன். பதில் இல்ல. ருக்குமணியை அனுப்பினேன். கதவைத் திறக்கல.

– தூங்கியிருப்பேன்.

– பகல் பதினோரு மணிக்கா?

– தூக்கத்துக்கு மணி இருக்கா என்ன... நான் எறங்கறேன், வடிவு.

– எறங்குங்க. நீச்சல் தெரியுமா? உக்காருங்கண்ணே. பெர்ரி கெளம்பியாச்சு. அங்க பாருங்க, பட்டர்வொர்த் எவ்வளவு தூரம் போயிடுச்சு.

– எங்க கூட்டிட்டுப் போற?

– உங்களுக்கே தெரியும்.

– தெரியாது.

– நம்ம பேட்டரி லைனுக்கு. உங்க பேருக்குத் தேத்தண்ணிக் கடை வந்திருக்கு, பதினஞ்சாம் நம்பர். இன்னைக்கு நாலு மணிக்குள்ள நீங்களே போய்க் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். இப்ப மணி மூணு.

– போகட்டும்.

– எது?

– கடை. அடுத்த ஆளுக்கே போகட்டும்.

– நல்லமுத்தண்ணே, விளையாடாதீங்க. அந்தப் பேட்டரிக் கம்பெனி மூடற வரைக்கும் கேட்ல ஜாகாவா காவல் நின்ன ஆளு நீங்க. கம்பெனி லைன் வீட்டுல குடியிருந்தவங்களுக்குத்தான் மொதல்ல கடைன்னு ஆபீஸ்ல எழுதியே போட்டிருக்காங்க. சும்மா வரல அது.

– அந்த வெஷ மண்ணுல எவன் வந்து தே குடிப்பான்?

– அந்த மண்ணு இப்ப இல்ல. ஆள் உயரத்துக்குத் தோண்டி எடுத்துட்டாங்க. ஒன்றரை வருஷம், லோரி லோரியா, மேல தார்ப்பாய் போட்டுக் கட்டி... அப்புறம் வேற எடத்து மண்ணைக் கொண்டாந்து கொட்டினாங்க. கெணத்துத் தண்ணியைப் புட்டியில எடுத்துட்டுப் போய்ப் பார்த்தாங்க. நான் போன மாசம் போனேன். புல்லு மொளைச்சிருக்கு.

– புல்லு எங்கயும் மொளைக்கும்.

– நம்ம காலத்துல அங்க மொளைச்சுதா?

– இல்ல.

– பார்த்தீங்களா.

– சரி, புல்லு மொளைச்சிருக்கு. ஆடு வளர்க்கச் சொல்லு.

– வாய் மட்டும் அப்படியே இருக்கு லா உங்களுக்கு! கேளுங்க. நாலு வருஷத்துக்கு முந்தி அந்த எடத்தை ஓசியாக் குடுத்தாலும் வேணாம்னு ஓடினாங்க. இப்ப ஒரு சீன மொதலாளி, தவுக்கே, தையல் பேக்டரி போடறாரு. இருநூறு பொம்பளைங்களுக்கு வேலை. லைன் பிள்ளைங்களுக்குத்தான் மொதல்ல. பஸ்ஸு உள்ள வரைக்கும் வருது. கிளினிக் வந்திருக்கு, ருக்குமணி மக அங்க மருந்து எடுத்துக் குடுக்கறா. மீரா சாகிப் கடையை மூடிட்டு மகன் வீட்டுக்குப் போனாரே, திரும்பி வந்து பலகையெல்லாம் தொடைச்சு வெச்சுட்டாரு.

– மீரா சாகிப்பா? நடக்கவே முடியாதே அவரால.

– உக்காந்துகிட்டே விக்கறாரு. நீங்களும் உக்காந்துகிட்டே கலக்குங்க. இருநூறு பொம்பளைங்க பத்து மணிக்கு வெளிய வந்தா எங்க போய் தே குடிப்பாங்க?

– வீட்டுலேருந்து கொண்டாரட்டும்.

– அண்ணே!

– எனக்கு முட்டி வலி, வடிவு.

– எனக்கும்தான்.

– கையி நடுங்குது.

– சக்கரை நல்லாக் கலங்கும்.

– என் தேத்தண்ணி எனக்கே பிடிக்காது.

– பொய். நைட் ஷிப்டு ஆளுங்க உங்க கேட் கூண்டுலதானே குடிச்சிட்டு உள்ள போவாங்க. எங்க வீட்டு ஆளு வந்து என் தேத்தண்ணியைக் கொறை சொல்லுவாரு. ‘நல்லமுத்துகிட்ட போய்க் கத்துக்க’ம்பாரு. எத்தனை நாள் உங்க மேல கோவமா இருந்திருக்கேன் தெரியுமா?

– அப்படியா சொன்னாரு?

– அட, மூஞ்சியைப் பாரு. சிரிக்கறீங்க.

– சிரிக்கல. வெயிலு.

– பசியாறினீங்களா காலையில?

– ரொட்டி.

– யாரோட?

– ரொட்டி சாப்பிட யாரு வேணும்?

– அந்த ரூம்ல யார்கிட்டதான் பேசுவீங்க?

– ரேடியோ இருக்கு.

– அது பதில் சொல்லுமா?

– நான் கேள்வி கேக்கறதில்ல. நீ மட்டும் என்ன? செபராங் ஜெயா பிளாட்ல யாரு இருக்கா உனக்கு?

– இருக்காங்களே, நெறைய ஜனம்.

– பேசறவங்க?

– லிப்ட்ல ஒரு மலாய்க்காரம்மா. மேலயான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுவேன்.

– அப்புறம்?

– அப்புறம் என் மாடி வந்துடும்.

– அர்ஜுனன் வரதில்லையா?

– ஜொகூர் என்ன பக்கத்துலயா இருக்கு? தீபாவளிக்குப் போன் பண்ணுவான். சாப்பிட்டியாம்மான்னு கேப்பான். சாப்பிட்டேன்பா. அதுக்குள்ள காசு தீந்து ‘டொக்’குன்னு...

– நல்ல பையன்.

– நல்ல பையன்தான்... அதை விடுங்க. எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க, வெயில் படாது.

– உனக்கும் கடை கிடைச்சிருக்கா?

– ம். உங்க பக்கத்துல. பதினாலு.

– என்ன போடப் போற?

– வடை. காலையில இட்லி.

– எப்பக் கையெழுத்துப் போட்ட?

– போன வாரம்... எதுக்கு என்னைக் கேள்வி கேக்கறீங்க? உங்க கதைக்கு வாங்க.

– யார் யாரு வராங்க?

– எல்லாரும். அய்யாக்கண்ணு வரான், காய்கறி போடப் போறானாம். ருக்குமணி வரா. ஜெயலெட்சுமிக்குப் பத்தாம் நம்பர்.

– ஜெயலெட்சுமியா?

– ஆமா. துணி தைக்கப் போறா.

– அவ மக?

– கூடத்தான் வரும். அதை எங்க தனியா விடறது? இப்ப கொஞ்சம் கொஞ்சம் பேசுது. இருபத்தாறு வயசு... பித்தான் வெச்சுக் குடுக்கும்.

– நான் வரமாட்டேன், வடிவு.

– மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.

– இல்ல. இது முட்டி வலி இல்ல. அந்தப் பிள்ளை கண்ணு முன்னாடி உக்காந்து என்னால தே விக்க முடியாது.

– ஏன்? அது உங்களை என்ன பண்ணிச்சு?

– அது ஒண்ணும் பண்ணல... சனிக்கிழமை சாக்கு ஞாபகம் இருக்கா உனக்கு?

– சாம்பல் சாக்கா? ஞாபகம் இல்லாம? பெரிய தண்ணி வந்தா லைன் முழுக்க முழங்கால் வரைக்கும் நிக்கும். பேட்டரி உருக்கின அந்தச் சாம்பலைக் கொட்டிக் கொட்டித்தானே வாசலை ஒசத்தினோம். எங்க வீட்டுக்கு மட்டும் பன்னெண்டு சாக்கு. மிதிச்சு மிதிச்சு சிமெண்டு மாதிரி ஆயிடும். அர்ஜுனன் அதுலதான் தவழ்ந்தான். கையி காலெல்லாம் கறுப்பா...

– அதை யாரு குடுத்தா?

– கம்பெனி.

– கம்பெனி குடுக்கல. நான் குடுத்தேன்.

– கேட்ல நின்னது நீங்க. நீங்கதானே தூக்கிக் குடுப்பீங்க.

– குடுக்காதேன்னு சொன்னாங்க.

– யாரு?

– தொரை. காயிதம் வந்துச்சு, இங்கிலீஷ்ல. ஆபீஸ் கணக்கெழுதற கிராணி குலசேகரம் ஐயா என் கூண்டுக்கே வந்து படிச்சுச் சொன்னாரு. ‘இனிமே ஒரு சாக்குகூட வெளிய போகக் கூடாது, நல்லமுத்து.’ ஏன் ஐயான்னு கேட்டேன். ஏன்னு அதுல எழுதல, அவருக்கும் தெரியல.

– எப்ப?

– ரொம்ப முந்தி.

– எப்பண்ணே?

– நீ அர்ஜுனனை மாசமா இருந்த வருஷம்.

– ...

– தொரை கஞ்சன்னு நெனச்சேன், வடிவு. சத்தியமா. பழைய சாக்குத்துணியைக்கூட லைன்காரங்க கண்ணுல காட்ட மாட்டான். குப்பையைக் குடுக்கக்கூட மனசு வரல பாருன்னுதான் நெனச்சேன். அஞ்சு மணிக்கு அவர் கார் போயிடும். பின்னாடி கேட்டைத் திறப்பேன்.

– எத்தனை வருஷம்?

– கம்பெனி மூடற வரைக்கும்.

– எதுக்கு?

– தண்ணி ஏறுது, பிள்ளைங்க பாயில தூங்குதுன்னு வந்து நிப்பீங்க...

– அது எங்களுக்கு. உங்களுக்கு எதுக்கு? வேலை போயிருக்குமே.

– சனிக்கிழமை ஆனா என் கூண்டு முன்னாடி வரிசை நிக்கும். ஜாகாண்ணே, ஜாகாண்ணேன்னு. ஒருத்தி கொழுக்கட்டை கொண்டாருவா. ஒருத்தன் சுருட்டு. நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாங்க. மத்த ஆறு நாளும் கேட்டுக்கு ஒரு ஆள் இருக்கறதே யாருக்கும் தெரியாது. எனக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. அந்த வரிசை எனக்கு வேணும்னு இருந்துச்சு. பேசு, வடிவு.

– என்ன பேச?

– திட்டு.

– ஒடம்புல ஈயம் ஏறியிருக்கான்னு பிள்ளைங்களை ஸ்கூல் வாசல்ல நிக்க வெச்சு ரத்தம் எடுத்தாங்களே. அன்னைக்கு எங்க இருந்தீங்க?

– கூண்டுல. கதவைச் சாத்திக்கிட்டு.

– அப்பவே தெரியும் உங்களுக்கு.

– அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

– அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்.

– சொல்லியிருக்கலாம்.

– ஆறாவது வரைக்கும் அர்ஜுனனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியல. வாத்தியார் மண்டுன்னு கூப்பிட்டாரு. நான் அகப்பையால அடிச்சேன். படிக்க மாட்டேங்கற திமிரா உனக்குன்னு... தெனம் அடிச்சேன்.

– தெரியும். என் கூண்டு வரைக்கும் கேக்கும்.

– கேட்டுச்சா உங்களுக்கு?

– ம்.

– கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்க.

– ரேடியோவைச் சத்தமா வைப்பேன்... இதோ, அக்கரை ஜெட்டி வந்துடுச்சு. மணியடிக்கறான். நீ எறங்கிப் போ, வடிவு. நான் அடுத்த பெர்ரியில திரும்பிடறேன்.

– இருங்க.

– நீ போய் உன் பதினாலாம் நம்பரைப் பார். நல்லா நடக்கும். உன் வடைக்கு ஜனம் வரும். பதினஞ்சுல வேற எவனாவது நல்லவன் வருவான்.

– இருங்கன்னு சொன்னேன்ல.

– சங்கிலியைக் கழட்டறாங்க. எல்லாரும் எறங்கறாங்க பார்.

– எறங்கட்டும். பதினாலாம் நம்பர் ருக்குமணிக்கு.

– என்ன சொல்ற?

– எனக்குக் கடை இல்லண்ணே. பொய் சொன்னேன். அவங்கப்பா செத்தப்புறம் லைன் வீட்டுக் கார்டை அர்ஜுனன் பேருக்கு மாத்தினோம்ல. ஜொகூர் போகறப்ப எவனோ பாரம்னு ஒரு காயிதத்தை நீட்டியிருக்கான். வீடு வேணாம், எந்த உரிமையும் வேணாம்னு அதுல எழுதியிருக்கு. அவன் படிக்கல. படிக்கத் தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான். ஆபீஸ்ல எடுத்துக் காட்டறாங்க, அவன் கையெழுத்துதான்... உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அது எனக்குத் தெரியல. வீட்டுக்குப் போய் யோசிக்கணும், யோசிக்க எனக்கு நேரம் நெறைய இருக்கு. ஆனா லைன்காரங்க எல்லாரும் அங்க வரப் போறாங்க. காலையில எந்திரிச்சா எனக்கும் போக ஒரு எடம் வேணும். அந்தப் பிளாட்ல எனக்குப் பைத்தியம் பிடிக்குதுண்ணே. கையெழுத்துப் போட்டுட்டு, உங்க கடையில ஒரு ஓரமா எனக்கு ஒரு அடுப்பு வெக்க எடம் குடுப்பீங்களா?